தேர்தலில் தோற்ற நம்மூர் முதலமைச்சர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு பழைய அலுவலக நண்பர் உண்டு. பால்கோவா வாங்கப் போனால் அவர் வீட்டுக்கும் போகாமல் திரும்புவதில்லை. "உங்க ஊர் முதலமைச்சரையே தோற்கடிச்ச தொகுதி சார் எங்களது!" என்பார். அவர் சொல்வது பூ. ச. குமாரசாமி ராஜாவை.

1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். சிறு வயதிலேயே தந்தையும் போய்விட, பாட்டிதான் வளர்த்தார். காந்தியால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசுக்கு வந்து, சிறை சென்றார். 1934-ல் மத்திய சட்டசபைக்கும் 1937-ல் சென்னை சட்டசபைக்கும் தேர்வானார்.

1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பு வந்தது. அப்போது அந்தப் பதவிக்குப் 'பிரதமர்' என்று பெயர். 1950 ஜனவரி 26-ல் குடியரசானதும் அதுவே முதலமைச்சர் ஆனது.

மூன்றே ஆண்டுகள், ஆனால் நெருப்பு மேல் நடந்த ஆண்டுகள். உணவுப் பஞ்சம், ரேஷன், கம்யூனிஸ்டுகள் மீது தடை. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்தார்கள். நம்மூர்க்காரர் என்பதற்காக அதை மறைக்க எனக்கு மனமில்லை. 1951-ல் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இடஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது.

1952 பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்று தோற்றார். அவர் மட்டுமா? பக்தவத்சலம் உட்படப் பல அமைச்சர்கள் தோற்றார்கள். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 தான். ராஜாஜி முதலமைச்சரானார்.

பிறகு 1954 முதல் 1956 வரை ஒரிசா ஆளுநர். 1957 மார்ச்சில் காலமானார்.

நண்பரிடம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஓட்டுப் போடாதது உங்க உரிமை. ஆனா, ராஜபாளையத்துக்கு வந்தா காந்தி கலை மன்றத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. அது அவர் குடியிருந்த வீடு. தானமாக் கொடுத்துட்டார்."

பதவியை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டை அவரே கொடுத்தார். போன மாதம் நண்பரைக் கையோடு அழைத்துப்போய்க் காட்டினேன். திரும்பும் வழியில் அவர் கேலி பேசவில்லை.