குருக்கள் இல்லாத ஊரில் காத்த விசுவாசம்



1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். சிறுவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் மற்றச் செபங்களையும் தமிழிலேயே மனப்பாடம் செய்ய வைத்தார். அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அங்கே அவர் விதைத்த விதை என்ன ஆயிற்று?

1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் 12 வயதுச் சிறுவனும் ஒருவன். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1644இல் அங்கு எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை.

நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஒரு சோதனை நடந்தது. ஆண்டவரின் அல்லது அன்னையின் உருவம் பதித்த தகட்டை மக்கள் காலால் மிதிக்க வேண்டும். மறுத்து உயிர் கொடுத்தோர் உண்டு. மிதித்துவிட்டு வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு மனத்துயர் செபம் சொல்லி அழுதோரும் உண்டு. மறைசாட்சிகளைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வணங்குகிறது. அது சரியே. ஆயினும் அழுதவர்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. மும்முறை மறுதலித்த பேதுருவும் வெளியே போய் மனங்கசந்து அழுதவர்தாமே?

அந்த மக்கள் தங்களுக்குள் ஒருவரைத் திருமுழுக்குக் கொடுக்கவும், இன்னொருவரைத் திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்லவும் நியமித்தார்கள். செபங்கள் வாய்வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குச் சென்றன.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. வெளிநாட்டவருக்காக நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா கோவிலுக்கு, உராகாமி கிராமத்திலிருந்து சுமார் 15 பேர் வந்தனர். பெட்டிஜான் அடிகளாரிடம் ஒரு பெண் நெருங்கி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்றார். மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார். தாங்கள் தவக்காலம் அனுசரிப்பதாகவும் சொன்னார்கள். ஆம், அது தவக்காலமேதான்! இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவைக் காணாத மக்கள் நாள் தவறவில்லை.

செய்தி பரவியதும் மீண்டும் கலாபனை. உராகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர் நாடுகடத்தப்பட்டனர்; 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1873இல் தடை நீங்கியது. திரும்பி வந்தவர்கள், தங்கள் முன்னோர் தகட்டை மிதிக்க வைக்கப்பட்ட அதே ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தை வாங்கி, அங்கே ஆலயம் எழுப்பினார்கள்.

அன்பார்ந்தவர்களே, குருவாகிய எனக்கே இந்த வரலாறு உறுத்துகிறது. நாளை நம் பங்கில் குரு இல்லை, கோவில் மணி இல்லை என்றால், விசுவாசம் எங்கே மிஞ்சும்? வீட்டில்தான். மனத்துயர் செபத்தைப் புத்தகம் பாராமல் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? நமக்கே தெரியுமா? இன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, குடும்பமாக முழந்தாளிட்டு அந்த ஒரு செபத்தைச் சொல்லிப் பாருங்கள்.

ஆண்டவரே, எங்கள் பலவீனத்திலும் எங்களைக் கைவிடாதேயும். எங்கள் வீடுகளில் உமது விளக்கு அணையாதிருப்பதாக. ஆமென்.