‘எலிஃபன்ட் வோக்’ திரைப்படமும் மலைநாட்டு வரலாறும்

கதைப் படங்களில் இருவகைப் பிழைகள் நேர்வதுண்டு. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே ஆளும் பொருளும் மாறிப்போதல் ஒன்று. நிகழ்ந்ததற்கு மாறானதை நிகழ்ந்ததாகக் காட்டுதல் மற்றொன்று. முன்னையதைக் கண்டுபிடிப்பதிற் பார்வையாளர் பெருமகிழ்ச்சி அடைவர். பின்னையது பலர் கண்ணிற் படுவதேயில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டு, ஹொலிவூட்டின் பரமவுண்ட் நிறுவனம் 1954 இல் வெளியிட்ட ‘எலிஃபன்ட் வோக்’ இவ்விரண்டுக்கும் எடுத்துக்காட்டாகும்.

றொபேட் ஸ்ரான்டிஷ் எழுதிய நாவலைத் தழுவி வில்லியம் டீற்றர்லே இயக்கிய இப்படத்திலே, தோட்டத்துரையின் மனைவியாக முதலில் நடித்தவர் விவியன் லீ. 1953 இன் தொடக்கத்தில் இலங்கையில் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டன. பின்னர் அவர் மனநலங் குன்றி விலகவே, எலிசபெத் டெயிலர் அப்பாத்திரத்தை ஏற்றார். ஆயினும் விவியன் லீயைத் தூரத்தே நின்று எடுத்த காட்சிகள் சில நீக்கப்படவில்லை. எனவே தொலைவில் தெரியும் துரைசாணி ஒருத்தி. அருகில் முகங்காட்டும் துரைசாணி வேறொருத்தி. திரைப்பட இரசிகர் இன்றும் எடுத்துரைக்கும் பிழை இதுவே.

வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது வேறு. யானைகளின் வழியை மறித்து மூத்த துரை பங்களாக் கட்டினார் என்பதும், அவ்வழியை மீட்க யானைகள் திரும்பத் திரும்ப வந்து ஈற்றிற் பங்களாவை அழித்தன என்பதும் கதையின் உயிர்நிலை. மலைநாட்டில் நடந்ததோ இதன் மறுதலை. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவரே ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் எனக் கூறப்படுகிறது. (அவர் 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.) 1870களில் கோப்பிப் பயிர் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் பரவியிருந்தது. 1869 இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. வழியை மறித்தது ஒரு துரையின் பிடிவாதமன்று, ஒரு பொருளாதார முறை. அம்முறைக்கு முன்னே யானைகள் வெல்லவுமில்லை.

பங்களாவின் தலைமைப் பணியாளருக்கு அப்புஹாமி என்ற சிங்களப் பெயர் இடப்பட்டுள்ளது; நடித்தவர் இரங்கூனிற் பிறந்த ஏபிரகாம் சோபெயர். பெயரைக் குறைகூற இடமில்லை. துரைமார் பங்களாக்களிற் சிங்களவர் பணியாற்றியதுண்டு. குறை பங்களாவுக்கு வெளியே உள்ளது. கொழுந்து பறித்து, லயத்தில் வாழ்ந்து, தோட்டத்தையே தாங்கிய தமிழ் மக்கள் இப்படத்திற் பெரும்பாலும் கூட்டமாகவே தோன்றி மறைகின்றனர்.

படப்பிடிப்பு நடந்த காலத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1947 தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டுச் சட்டங்களும் அவர்களைத் தெரிவுசெய்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952 தேர்தற் காலத்தில் இதனை எதிர்த்துக் காங்கிரசு சத்தியாக்கிரகம் நடத்தியது. அடுத்த ஆண்டே ஹொலிவூட் கமெரா வந்திறங்கியது. 1954 சனவரியில் இம்மக்களின் எதிர்காலம் பற்றி நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தஞ் செய்தனர். சில மாதங்களில் படம் வெளிவந்தது. யானைக்கு இருந்த வழியுரிமை பேசிய கதை, மனிதருக்கு இல்லாது போன குடியுரிமையை அறியவில்லை.

தோட்டத் தொழிலாளர் வாழ்வை மையமாகக் கொண்ட ‘புதிய காற்று’ என்னும் தமிழ்ப்படத்தைத் தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் உருவாக்கியது 1975 இலேயாகும். அவ்வேளை, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, மலைநாட்டுக் குடும்பங்கள் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன.