ஆறு செல் கணக்கு

1970களின் பின்பாதியில் மின்சார ரேடியோ கண்ட்ரோல் கார்கள் பந்தயத் தடத்தில் இறங்கியபோது, அவற்றுக்கு உயிர் கொடுத்தது நிக்கல்-காட்மியம் செல். அக்காலக் கம்பியில்லா டிரில்லுக்குள் இருந்த அதே 'சப்-சி' உருளை. கட்டைவிரலைவிடச் சற்றே பருமன். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். ஆறைத் தொடராக இணைத்தால் 7.2. பல ஆண்டுகள் இந்த விளையாட்டை ஆண்ட எண் அதுதான்.

எண்ணிக்கைக்கு ஏன் கட்டுப்பாடு? வோல்ட் ஏறினால் மோட்டாரின் சுழற்சியும் ஏறும். வரம்பில்லாவிட்டால் ஒருவர் எட்டு செல் வைப்பார், அடுத்தவர் பத்து வைப்பார். அதனால்தான் அமெரிக்காவின் ரோர், ஐரோப்பாவின் எஃப்ரா, உலக அமைப்பான இஃப்மார் மூன்றுமே செல் எண்ணிக்கையை விதியில் எழுதிவைத்தன. சோதிப்பதும் சுலபம்: பார்த்து எண்ணினால் போதும்.

விதியின் உண்மையான கடுமை வோல்ட்டில் இல்லை, நேரத்தில் இருந்தது. 1/12 அளவுக் கார்களுக்கு ஓட்டம் 8 நிமிடம். 1980களின் தொடக்கத்தில் செல்லின் கொள்ளளவோ 1200 மில்லிஆம்பியர்-மணி. கணக்குப் போட்டால் சராசரியாக 9 ஆம்பியர்தான் எடுக்கலாம். அதற்குமேல் இழுத்தவரின் கார் கடைசிச் சுற்றுகளில் தவழும். எந்தப் பல்சக்கரம் போடுவது, வளைவுக்கு முன் எங்கே விசையை விடுவது என்பதெல்லாம் மின்சாரச் சிக்கனத்தோடு பின்னிக் கிடந்தன. அந்தக் காலப் பந்தயத்தின் அழகே அந்தச் சிக்கனம்தான்.

ஆனால் விதி செல்களை எண்ணியது, தரத்தை எடைபோடவில்லை. அந்த இடைவெளியில் ஒரு வியாபாரம் முளைத்தது. தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வந்த செல்களை ஒவ்வொன்றாகச் சார்ஜ் செய்து, 20 ஆம்பியரிலும் பின்னாளில் அதற்கு மேலும் வெளியேற்றி, நெல்லைத் தூற்றுவதுபோலப் பிரித்தார்கள். எத்தனை விநாடி தாங்கியது, சராசரி வோல்ட் எவ்வளவு, உள்தடை எவ்வளவு என்று ஒவ்வொரு செல்லிலும் சீட்டு ஒட்டினார்கள். மின்தேக்கியிலிருந்து பெரும் மின்னோட்டத்தை நொடிப்பொழுதில் பாய்ச்சி உள்தடையைக் குறைக்கும் 'ஜாப்பிங்' முறையும் வந்தது. பொறுக்கிய ஆறுக்கும் சாதாரண ஆறுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். சமத்துவத்துக்காகப் பிறந்த விதி, பணமுள்ளவரின் பக்கம் சாய்ந்துபோனது. பள்ளிச் சிறுவர்களும் சம்பளக்காரர்களும் ஓட்டிய விளையாட்டில் இது நேர்ந்திருக்கக் கூடாது.

கொள்ளளவு 1700 ஆனது. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வந்தபின் 3000ஐத் தொட்டது. 2000களின் இறுதிக்குள் 5000 வரை போனது. டூரிங் கார்களின் 5 நிமிட ஓட்டத்துக்கு அது சராசரி 60 ஆம்பியர். சிக்கனம் தேவையற்றுப்போனது. பிரஷ்லெஸ் மோட்டாரும் சேர, வேகம் கட்டுமீறியது. மீண்டும் எண்ணிக்கையில்தான் கைவைத்தார்கள்: 1/12 பிரிவு ஏற்கெனவே நான்கு செல்லுக்கு இறங்கியிருந்தது, இப்போது ஐரோப்பிய டூரிங் கார்களும் சில காலம் ஐந்தில் ஓடின.

அதே ஆண்டுகளில் லித்தியம்-பாலிமர் நுழைந்தது. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 7.4. பழைய ஆறு செல்லுக்கு மிக அருகில் இருந்ததால், மோட்டாரையும் கண்ட்ரோலரையும் தூக்கிப்போடாமலே மாறமுடிந்தது. கடினமான உறைக்குள் மூடி வந்த பேக்கில், தனித்தனியாகப் பொறுக்கி அடுக்கும் வேலையும் ஓய்ந்தது. 1/12 கார்களுக்கோ ஒற்றைச் செல்தான். அந்த 3.7 வோல்ட் ரிசீவருக்குப் போதாமல், அதற்கென்று சிறு பேட்டரியோ வோல்ட்டைக் கூட்டும் பூஸ்டரோ தேவைப்பட்டது. இரண்டு செல் பிரிவுகளில் இப்போது பரிசோதகரின் கையில் மீட்டர் இருக்கிறது: முழு சார்ஜில் 8.4 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.