கல் சொன்னதும் கதை சொன்னதும்

‘பிறகு என்ன ஆயிற்று?’ என்னும் கேள்வி மனிதனோடு பிறந்தது. பாட்டி கதையை முடித்த பின்னும், கண்ணை மூடாத குழந்தை கேட்பது அதனையே. ‘அதற்கு முன்னே என்ன நடந்தது?’ என்பது அக்கேள்வியின் உடன்பிறப்பு. எழுத்தாளர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுகின்றார். வாசகரோ அந்தப் புள்ளியின் இருபுறமும் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கின்றார். முதல் ஆசிரியர் திறக்காத கதவை, ஒருநாள் வேறொருவர் வந்து திறக்கின்றார். திறக்கலாமா? திறந்தால் எதற்குக் கடமைப்பட்டவர்? சில திங்களாக நம் மனத்தை அலைக்கழித்து வரும் இக்கேள்வியை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதையை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடித்தார். மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த முடிவு நிறைவளிக்கவில்லை. வந்தியத்தேவன் என்ன ஆனான், குந்தவை என்ன ஆனாள் என்று கேள்விகள் குவிந்தன. கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி வாசகர்களுக்கு விடை கூறவேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது வெளிவந்துகொண்டிருந்த ‘அமரதாரா’ பாதியில் நின்றது. தந்தையாரின் குறிப்புகளைத் துணைக்கொண்டு மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். பொன்னியின் செல்வனுக்கும் தொடர்ச்சிகள் பிறந்தன. ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அக்கதை மாந்தரை மீண்டும் நடமாட விட்டார். பாலகுமாரன் ‘உடையார்’ எழுதினார். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைப்படம் வந்தபின், நூலையே தொட்டறியாத இளையோரும் சோழர் கதை பேசத் தொடங்கினர்.

அந்தப் பேச்சு கடலூரில் நம் பங்கின் படிப்பகத்திற்கும் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிறு மாலை, ‘ஒருவர் எழுதிய கதையை மற்றொருவர் தொடரலாமா?’ என்பதைப் பொருளாக்கி அமர்ந்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “கூடாது. அடுத்தவர் போட்ட அடித்தளத்தின் வலிமை தெரியாமல் மாடி எழுப்புவது அது” என்றார். நோயுற்ற கணவரின் கட்டிலருகே பல இரவுகள் விழித்திருந்த தாய் ஒருவர் மென்மையாக மறுத்தார்: “ஐந்து பாகம் முடிந்ததும் வீட்டை விட்டு உறவினர் போனது போல இருந்தது, சாமி. அவர்களை மறுபடி பார்க்கத்தான் அடுத்தவர் எழுதியதையும் வாங்கினேன். கல்கி மாதிரி இல்லைதான். ஆனாலும் துணையாக இருந்தது.” கல்லூரி மாணவி ஒருத்தி, “சோழர்கள் கல்கிக்கு மட்டும் சொந்தமா? அவரும் கல்வெட்டிலிருந்துதானே எடுத்தார்?” என்று கேட்டாள். மூவர் கூற்றிலும் உண்மை இருந்தது.

பேச்சு ஆதித்த கரிகாலன் கொலைக்குத் திரும்பியதும் நிலைமை மாறியது. “கொலைக்குப் பின்னால் இருந்தது உத்தம சோழன்தான். அதுதான் வரலாறு” என்றான் ஓர் இளைஞன். எங்கே படித்தாய் என்றால், ஒரு நாவலின் பெயரைச் சொன்னான். இன்னொருவன் ஒரு சாதியின் பெயரைச் சொல்லி, “அவர்கள் அன்றைக்கே அப்படித்தான்” என்றான். அந்தச் சாதியைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் அவையில் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை; தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டிக்க வாயெடுத்த நமக்கு நாவெழவில்லை. காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பதவி ஆசையைப் பற்றிய மறையுரை ஒன்றில், உத்தம சோழனை எடுத்துக்காட்டாக நிறுத்தி, ‘அரியணைக்காக அண்ணன் மகனின் குருதியில் கைநனைத்தவன்’ என்று முழங்கியவர்கள் நாம். நமக்கும் அது கதைப் புத்தகத்திலிருந்து வந்த செய்திதான். பீடத்திலிருந்து சொன்னதால் மக்கள் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டனர். மறுவாரமே சிலரை அழைத்துக்கொண்டு, அந்தக் கல்லையே பார்த்துவிடுவது என்று புறப்பட்டோம்.

கல் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றது. சிதம்பரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் காட்டுமன்னார்கோயில். முதற் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரி, இன்று வீராணம் என்னும் பெயருடன் அங்கே நீண்டு கிடக்கின்றது. 2004 முதல் சென்னையின் தாகத்தையும் தணித்துவரும் இவ்வேரியின் கரையில்தான், ஓர் ஆடிப்பெருக்கு நாளில், கல்கியின் வந்தியத்தேவன் குதிரையேறி வருகின்றான். கரிகாலன் மடிவதாகக் கல்கி காட்டும் கடம்பூரும் அருகில்தான். ஆனால் அங்கே கொலை நடந்ததென்பது கதையாசிரியர் கற்பனை. கல்லின் சாட்சி இருப்பது உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில்.

தமிழாசிரியர் அச்சில் வந்த கல்வெட்டுப் பாடத்தைக் கையோடு கொணர்ந்திருந்தார். சுவரின் முன் நின்று பொறுமையாகப் பொருள் விளக்கினார். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணையின் செய்தி அது. கரிகால் சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோரை அது பெயர் சொல்லிச் சுட்டுகின்றது. அவர்களுடைய உடைமையோடு, உறவினர், பெண் கொண்டோர் உடைமைகளையும் கைப்பற்ற ஆணையிடுகின்றது. கல் சொல்வது அவ்வளவே. ஏன் கொன்றனர்? கல் பேசவில்லை. தூண்டியவர் யார்? பேசவில்லை.

அந்த மௌனத்தில்தான் எல்லாக் கதைகளும் முளைத்தன. கரிகாலன் இறந்தது 970ஐ ஒட்டிய ஆண்டுகளில். அடுத்து அரியணை ஏறியவன் சிற்றப்பன் முறையான உத்தம சோழன். அவனுக்குப் பின் 985இல் இராசராசன். தண்டனை பற்றிய இக்கல்வெட்டோ இராசராசன் காலத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகளில் உத்தமன் ஏன் வாளாவிருந்தான்? இவ்வினாவோடு, உத்தமனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருந்ததாகக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் சேர்த்து நோக்கிய நீலகண்ட சாஸ்திரியார், அவனுக்குச் சதியில் பங்கிருக்கலாம் என்று கருதினார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். மறுப்புக்கும் வலுவுண்டு. இராசராசனின் மகன் இராசேந்திரனுக்கு இயற்பெயர் மதுராந்தகன். உத்தமனின் பெயரும் அதுவே. உத்தமனின் மகன் கண்டராதித்தன் இராசராசனின் அரசில் பொறுப்பு வகித்தான். உத்தமனைப் பெற்ற செம்பியன் மாதேவியாரோ இறுதிவரை போற்றப்பட்டார். அண்ணனைக் கொன்றவன் குடும்பத்தை ஒருவன் இவ்வாறு நடத்துவானா? மேலும், கல்வெட்டு கூறுவது எஞ்சிய உறவினரின் உடைமையைப் பறித்த செய்தி; கொலைஞர் தண்டிக்கப்பட்டது அதற்கு முன்பே ஆகலாம் என்பாரும் உளர்.

இங்கே கல்கி செய்ததைக் கருத்தோடு நோக்குங்கள். அறிஞர் இருவரின் நூல்களையும் கற்றவர் அவர். பதவி ஆசை கொண்ட மதுராந்தகன் ஒருவனைப் படைத்தார். ஆனால் அவனை உண்மையான உத்தம சோழன் ஆக்கவில்லை. பூமாலை கட்டி இறைப்பணி செய்யும் சேந்தன் அமுதனே மெய்யான உரிமையாளன் என்று காட்டி, அவன் தலையில் முடியைச் சூட்டினார். இது வெறும் கதைத் திருப்பம் என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். உடையார்குடிச் சுவரின் முன் நின்றபோது வேறொன்று புலப்பட்டது. சான்று உறுதியாகாத நிலையில், மெய்யாகவே வாழ்ந்து மறைந்த ஒரு மனிதன் மேல் கொலைப்பழி விழாதவாறு அந்த ஏற்பாடு காத்துநிற்கின்றது. நந்தினி கற்பனைப் பெண். அவள் மேல் எத்தனை பழி ஏற்றினாலும் அழுவதற்கு யாரும் இல்லை. உத்தமன் அப்படியல்லன்.

பின்வந்தோர் எல்லாரும் இந்த வேலியைப் பேணினர் எனல் இயலாது. திரைப்படம் இரு மதுராந்தகரை ஒருவராக்கிற்று. ஆயினும் அவனை மனம் திருந்தியவனாகக் காட்டி, அருள்மொழியே முடியை அவனுக்கு அளிப்பதாக முடித்தது. அண்மைக்கால நாவல் ஒன்று, தம்பியைக் கொன்ற பழியை... இல்லை, அண்ணனைக் கொன்ற பழியைத் தங்கை குந்தவை மேலேயே ஏற்றியது. புனைகதைக்கு அந்த உரிமை உண்டு; அதனைத் தடைசெய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் புனைவைப் படித்தவர் அதனை வரலாறென்று சாதிக்கும்போதுதான் தீங்கு தொடங்குகின்றது.

அப்படியானால் ஒருவர் விட்டதை மற்றவர் தொடர்வதே தவறா? அன்று, நம் மண்ணே அதற்குச் சான்று. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார் பெயர்களைத் தொகுத்துப் பாடினார். அதே காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள திருநாரையூரைச் சார்ந்த நம்பியாண்டார் நம்பி, அதனை அந்தாதியாக விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தில்லையில் அதனைப் பெரிய புராணமாக்கினார். மூன்று கைகள், ஒரே நூல்வழி. சேக்கிழார் தமக்கு முன் சென்ற இருவரையும் மறைக்கவில்லை. தம் நூலிலேயே நன்றியோடு குறிக்கின்றார். கம்பர் யுத்த காண்டத்தோடு நிறுத்தியதை உத்தர காண்டமாகத் தொடர்ந்தவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. இராவணனின் முற்கதை மிகுதியும் அத்தொடர்ச்சியில்தான் வருகின்றது. தமிழுலகம் அதனைப் படித்தது. ஆயினும் கம்பர் கை எங்கே நின்றது என்பதை மறக்கவில்லை.

குருமடத்தில் விவிலியம் கற்ற நாளில் இதனையொத்த ஒன்று நம்மை வியப்பில் ஆழ்த்தியதுண்டு. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் படிகள் இரண்டு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. கல்லறைக்குச் சென்ற பெண்கள் அஞ்சி ஓடுகின்றனர். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அடுத்து வரும் பன்னிரு வசனங்கள் வேறொரு கையினவாக இருக்கவேண்டும் என்பது விவிலிய அறிஞர் பலரின் முடிவு. திருச்சபை அவ்வசனங்களைத் தள்ளிவிடவில்லை. இறைவார்த்தையாகவே ஏற்றுப் போற்றுகின்றது. அதேவேளை, நம் மொழிபெயர்ப்புகள் அவ்விடத்தில் ஒரு குறியிட்டு, இங்கே ஒரு மாற்றம் உண்டு என்று வாசகருக்கு அறிவிக்கின்றன. தொடர்ச்சியை ஏற்பது ஒன்று. தையல் தெரியும்படி வைப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே நேர்மை.

பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கட்டளையை நாம் உயிரோடிருப்பவர்க்கு மட்டும் உரியதாகக் கொண்டுவிட்டோம். இறந்தவர் எழுந்து மறுப்புரைக்க இயலாதவர். ஆதலால் அவரைப் பற்றிப் பேசுவோர்க்குப் பொறுப்பு மிகுதி. இன்னொன்றும் அச்சுவரின் முன் நெஞ்சைத் தைத்தது. மூவர் செய்த குற்றத்திற்காக அவர்தம் உறவினரெல்லாம் நிலமிழந்தனர். அக்கால நீதி அது. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் அதற்கும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே உரைத்துவிட்டார். அதனை அறிந்த நாம், ஆயிரம் ஆண்டு கடந்தும், ஒரு சாதியையே குற்றக்கூண்டில் ஏற்றினால், அந்த அரசாணையை இன்றும் நிறைவேற்றிக்கொண்டிருப்பவர்கள் ஆவோம் அல்லவா?

திரும்பும் வழியில் வண்டியை ஏரிக்கரையில் சற்று நிறுத்தினோம். “ஃபாதர், அப்படியானால் தூண்டிவிட்டது யார்?” என்று கேட்டான் அந்த இளைஞன். “கல் சொல்லவில்லை, தம்பி” என்றோம். அவன் சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அந்த அண்ணன் வீடு எங்கே, ஃபாதர்?” என்று கேட்டான். படிப்பகத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவரைத்தான் கேட்கின்றான் என்பது புரிந்தது. அன்றிரவே இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றார்கள். அன்று சாதிப்பெயர் சொன்னவனையும் அவன் உடன் அழைத்துச் சென்றிருந்தான்.

நமக்கும் ஒரு கடன் எஞ்சியிருந்தது. அடுத்த ஞாயிறு மறையுரையின் தொடக்கத்தில், முன்பு உத்தம சோழனைப் பற்றிச் சொன்னது உறுதியான வரலாறு அன்று என்றும், அதனை அவ்வாறு கூறியது பிழை என்றும் பங்கு மக்களிடம் தெரிவித்தோம். சிலர் புன்முறுவல் பூத்தனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்த அரசனிடம் மன்னிப்பா என்று எண்ணியிருக்கலாம். பூசை முடிந்ததும் அந்தத் தாய் மட்டும் அருகே வந்து, “இனி அந்தப் புத்தகங்களைப் படிக்கலாமா, சாமி?” என்று கேட்டார். “தாராளமாகப் படியுங்கள், அம்மா. எது கல், எது கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே படியுங்கள்” என்றோம்.