அரிசியில் பூத்த மருந்து

பெங்களூர்க் கண்டோன்மெண்டு 1809-இல் அமைந்தபோது, சென்னைப் படையோடும் அதனை ஒட்டிய தொழில்களோடும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து சேர்ந்தன. அவர்கள் குடியேறிய பகுதிகளுள் ஒன்றே, அந்நாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட இன்றைய சிவாஜிநகர். ஊர் மாறியும் நாம் சோற்றை விட்டோமில்லை. அந்த அரிசிக்கும் நம் இதயத்துக்கும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1913-இல் ருஷ்ய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டரால் ஊட்டி, இரத்தக் குழாய்களின் உட்சுவரில் அது படிவதைக் காட்டினார். 1948-இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் ஊர்மக்களிடையே தொடங்கிய நெடிய ஆய்வு, மனிதரிடத்தும் கொலஸ்டராலுக்கும் இதய நோய்க்கும் தொடர்புண்டு எனப் புலப்படுத்தியது. காரணம் தெரிந்தது; ஏற்ற மருந்து தெரியவில்லை.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ அதனைப் பூஞ்சணங்களில் தேடினார். ஏறத்தாழ 6,000 வகைகளைச் சோதித்தார். 1973-இல் வெற்றி கிட்டியது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்த பூஞ்சணமே, ஈரலில் கொலஸ்டரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தந்தது! ஸ்டாட்டின் என்னும் மருந்தினம் பிறந்த கதை இதுவே. அவ்வினத்தின் லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 4,444 இதய நோயாளரிடம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்த ஸ்காந்திநேவிய ஆய்வு, மரணங்கள் முப்பது விழுக்காடு குறைந்தன என்று 1994-இல் அறிவித்தது.

இவ்வரலாற்றில் பெங்களூருக்கும் பங்குண்டு. இங்குள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுப், 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். அதன் முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. அதன் தொடர்ச்சியாக 2007-இல் வெளியான கணக்கு நம்மைத் திடுக்கிட வைப்பது. முதல் மாரடைப்பின் சராசரி வயது பிற நாட்டினர்க்கு ஏறத்தாழ 59. தென்னாசியராகிய நமக்கு 53. மகன் படிப்பு முடியாத, மகள் மணம் நிறைவேறாத வயது அது. பிழைப்புக்காகப் பிறமாநிலம் வந்த குடும்பத்தில் அந்த ஆறாண்டுகளின் விலை என்ன என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் இருவகைப் பிழைகள் நம்மிடையே காணப்படுகின்றன. மாத்திரை இருக்கிறதே என்று பொரித்த பண்டத்தையும் புகையையும் விடாதிருத்தல் ஒன்று. சோதனை முடிவு நன்றாக வந்ததும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதல் மற்றொன்று. நிறுத்தினால் கொலஸ்டரால் மீண்டும் ஏறும். அளவு குறைந்திருந்தது மருந்தினாலேயே என்பதை மறத்தல் ஆகாது. தசைவலி முதலிய தொல்லை தோன்றின் மருத்துவரிடம் கூறினால், அவர் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

உணவும் மருந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுவோம், நெய்யையும் வனஸ்பதியையும் சுருக்குவோம், நாள்தோறும் நடப்போம். 1868-இல் நிறுவப்பெற்ற பௌரிங் மருத்துவமனை சிவாஜிநகரிலேயே இருக்கின்றது. நெஞ்சு வலித்தபின் அதன் வாயிலை நாடுவதினும், வலியில்லாத நாளில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள நாடுவது நன்று.