இராமநாதன் கல்லூரியும் அதன் அயலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே வருவோருக்கு, இணுவில் கடந்ததும் மருதனார்மடம். வெளியூராருக்கு அது சந்தையும் ஆஞ்சநேயர் கோவிலும் உள்ள சந்தி. எமக்கு அது கல்லூரியடி.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் இங்கே பெண்களுக்கென ஒரு விடுதிக் கல்லூரியைத் திறந்தார். அயலிலே உடுவிலில், அமெரிக்க மிஷனரிமார் 1824 இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நடத்தத் தொடங்கிவிட்டனர். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848 இல். ஆயினும் மகளுக்கு ஆங்கிலக் கல்வியும் வேண்டும், சமயமும் மாறக்கூடாது என்றிருந்த சைவப் பெற்றோருக்கு நெடுங்காலம் போக்கிடம் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே எமது கல்லூரி பிறந்தது.

முதல் அதிபரை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. புளோரன்ஸ் பார் எமரி லண்டன் நாடக மேடையில் பெயர் பெற்றவர். பெர்னாட் ஷாவுக்கும் கவிஞர் யேற்ஸுக்கும் நெருங்கிய தோழி. ஐம்பது வயது கடந்த பின்னர், 1912 இல், எல்லாவற்றையும் விட்டு இலங்கைக்கு வந்தார். தேவாரத்தோடு நாளைத் தொடங்கும் சைவப் பிள்ளைகளுக்கு மேடைக்காரி ஒருவர் அதிபர்! 1917 ஏப்ரலில் புற்றுநோயால் கொழும்பில் காலமானார். அவுஸ்திரேலியாவில் பிறந்து, சைவத்தைத் தழுவி, இராமநாதனின் துணைவியாராகிய லீலாவதி அம்மையாரும் கல்லூரியின் வளர்ச்சிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்.

தாபகரைப் பற்றி மலர்களில் நாம் வழக்கமாக எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். டொனமூர் ஆணைக்குழு 1927 இல் இலங்கைக்கு வந்தபோது, கொழும்பில் பெண்கள் சங்கம் கூட்டி வாக்குரிமை கேட்டார்கள். அதை எதிர்த்த பெருந்தலைவர்களுள் இராமநாதனும் ஒருவர். பெண்ணுக்குக் கல்வி வேண்டுமென்று கல்லூரி கட்டியவரே, பெண்ணுக்கு வாக்கு வேண்டாம் என்றார். அவருக்கு இது முரணாகத் தோன்றியிராது. அவர் மனத்தில் இருந்தது படித்த, பக்தியுள்ள இல்லத்தரசி. கற்பித்துவிட்ட பிறகு, பிள்ளைகள் எதுவரை சிந்திக்கலாம் என்று எல்லை போடுவது தாபகராலும் ஆகாத காரியம்.

1930 நவம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமையோடு அரசாங்க சபைத் தேர்தல் வந்தது. வடக்கிலோ வாலிபர் காங்கிரசின் அழைப்பினால் அத்தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. அதனால் எமது மூத்த மாணவியருட் பலர் 1934 இடைத்தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு காங்கேசன்துறைத் தொகுதியில் வென்றவர் இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை. மாமனார் வேண்டாமென்ற பெண் வாக்கு மருமகனின் பெட்டியிலும் விழுந்திருக்கும்.

தொடக்கத்தில் இங்கு படித்தோர் பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960 சட்டம் அரசின் கீழ்க் கொண்டுவந்தது. தனியார் கல்லூரி பொதுப் பாடசாலையானது. முகாமைத்துவம் கைமாறியதைப் பற்றி மனவருத்தம் கொண்டவர்கள் பலர். ஆயினும் தோட்டக்காரரின் மகளும் சந்தையில் மரக்கறி விற்பவரின் மகளும் உரிமையோடு படலை திறந்து உள்ளே வந்தது அதன் பின்னர்தான் என்பதை மறக்கலாகாது.

1960 இல் அதே வளவில் நடேசபிள்ளை இசைக்கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் போன்றோர் அங்கு அதிபராக இருந்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் ஊறிய இணுவிலுக்குப் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திராது. பின்னாளில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களும் உண்டு. திரும்பாமலே கடல் கடந்தவர்களும் உண்டு. பல வீடுகளில் பழைய சஞ்சிகைகளும் வகுப்புப் படங்களும் அப்போதே போய்விட்டன.

அதிபர்களின் பெயர்களைச் சுவரில் வாசிக்கலாம். விடுதிச் சமையற்கட்டில் நின்றவர்கள், தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்கள், மணி அடித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களும் இந்த அயலின் மனிதர்களே. எவருக்கேனும் ஒரு பெயர் நினைவிருந்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.