சொல்லி அனுப்புறோம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். தேவாரத்தில் பாடப்பட்ட பழைய ஊர். இன்று இங்கிருந்து வேலை தேடிப் புறப்படுகிறவர்களுக்குக் காக்களூர் தொழிற்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று போக்கிடங்கள் பல உண்டு. ஆனால் பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு அங்கே சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “சொல்லி அனுப்புறோம்.” ‘இல்லை’ என்பதை இல்லை என்று சொல்லாமல் சொல்லும் வார்த்தை அது. வேலை கிடைக்காமல் போவது இந்தத் தலைமுறைக்குப் புதிதாக வந்த துன்பமல்ல. ஒவ்வொரு மறுப்பையும் தன் தகுதிக்கு வந்த தீர்ப்பாகத் தனியாளாகச் சுமப்பதுதான் புதிது. முன்பு அந்தச் சுமையில் ஒரு பங்கை ஒரு வரிசை தாங்கியது.

அந்த வரிசையின் பெயர் வேலைவாய்ப்பு அலுவலகம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்காக 1945-இல் தொடங்கிய ஏற்பாடு, 1948-இல் வேலை தேடும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1956 நவம்பரில் மாநிலங்களின் நிர்வாகத்துக்கு வந்தது. படிப்பை முடித்ததும் பதிந்து வைப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு சடங்காகவே ஆனது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், பதிவு மூப்பு, ‘இன்டர்வியூ கார்டு வந்துச்சா?’ என்ற தெருமுனை விசாரிப்பு என்று அதற்கென ஒரு மொழியே உருவானது. கார்டு வராதவர் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது: “மூப்பு இன்னும் வரலை.” ஏமாற்றம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விளக்கம் அவருடைய அறிவையோ முகத்தையோ ஆங்கிலத்தையோ குறை சொல்லவில்லை. அவரோடு பல லட்சம் பேர் அதே பட்டியலில் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வரிசை தனியார் ஆலைகளுக்குள் முழுதாக நுழைந்ததே இல்லை. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. 1971-இல் அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கியபின் இந்தப் பகுதியில் ஆலைகள் பெருகின. அவற்றோடு கான்ட்ராக்ட் முறையும், ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகளும் வந்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம், அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் அழைக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான், ஆனால் வரிசைக்கு இருந்த மதிப்பு அதன்பின் தேய்ந்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது, நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று நம்பியிருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே சமயத்தில் மறுபடி பயோடேட்டா எழுத வேண்டியிருந்தது. ஆலை மூடியதற்கு அவர்கள் காரணமல்ல என்பது ஊரறிந்த உண்மை. அடுத்த ஆலையின் வாசலில் அந்த உண்மை அவர்களுக்குத் துணைக்கு வரவில்லை. அங்கே அவர்கள் வெறும் ‘சொல்லி அனுப்ப’ வேண்டியவர்கள்.

பழைய வரிசைக்கு இது புகழாரமா என்று கேட்கலாம். இல்லை. இருபது ஆண்டு பதிந்து வைத்தும் ஒரு கார்டுகூட வராமல் வயது வரம்பைக் கடந்தவர்கள் உண்டு. பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால்தான் தமிழக அரசின் உதவித்தொகை. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அந்தக் காத்திருப்பும் கொடுமையே. நான் சொல்வது, அந்தக் கொடுமைக்கு வெளியே சுட்டிக்காட்ட ஒரு காரணம் இருந்தது என்பது மட்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வேலை கிடைக்காதவரைப் பிடிக்கும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வரலாறு எதற்கு, மருந்து போதாதா? நோய்தான். ஆனால் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடியபின் யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், ஸைசல் மூவரும் செய்து 1933-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கையில் நேரம் மிகுந்திருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்களின் நடைகூட மெதுவானது, அடிக்கடி நின்றார்கள். ஓர் ஊரே ஒன்றாகச் சோர்ந்தபோது அதைத் தனியாள் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. காலையில் எழ முடியாத, விண்ணப்பத்தை முடிக்க முடியாத ஒருவரை ‘முயற்சி இல்லை’ என்று வீட்டில் சொல்லும்போது, நோயின் அறிகுறியையே குற்றமாக எழுதுகிறோம். அந்தக் குற்றச்சாட்டு அடுத்த இன்டர்வியூவுக்கு முன்பே அவரைத் தோற்கடிக்கிறது.

மருத்துவத்தின் வாசலையும் ஒரு சொல் அடைத்து வைத்திருக்கிறது. 1794-இல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியிருக்கிறது. நம் பேச்சிலோ ‘கீழ்ப்பாக்கம்’ ஒரு வசவு. வேலை தேடுபவர், ஆலைக்காரர் காதுக்கு எட்டிவிடும் என்று பயந்தே மருத்துவரிடம் போகாமல் இருப்பதில் வியப்பில்லை. 2022 முதல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில், யாருக்கும் தெரியாமல், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இது சின்ன வாசல்தான், ஆனால் திறந்திருக்கிறது.

ஆலைகளும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தரச் சொன்னது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். வந்து கேட்டவருக்குப் பதில் தரச் சொல்லவில்லை. “இந்த முறை இடமில்லை, காரணம் இது” என்று செல்பேசிக்கு ஒரு வரி அனுப்ப ஆலைக்குச் செலவு ஏதுமில்லை. அந்த வரி வராததால்தான் அதன் இடத்தில் ஒருவர் இரவெல்லாம் தன் குறைகளை எழுதிப் பார்த்துக்கொள்கிறார்.